தமிழ் வகுப்பு வாசலில் பைதான்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டால், திரும்பப் பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். நடுவில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்பது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. சிலர் மரக்கறிக் கடைக்கு ஓடுவார்கள். சிலர் காருக்குள் சீட்டைச் சாய்த்துவிட்டு ஒரு குட்டி நித்திரை. மிச்சப் பேர் கோப்பியோடு பள்ளிக்கூட நடைபாதையில் கதிரை போட்டு ஊர்க்கதை.

போன வருஷம் ஏப்ரலிலிருந்து என் அக்கா அந்த நடைபாதையின் கடைசிக் கதிரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கடந்து போனவர்கள் ஏதோ அலுவலக வேலை என்றுதான் நினைத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு அப்பா கிட்ட வந்து மெல்லக் கேட்டார்: "அக்கா, இது லினக்ஸ்தானே? நானும் நெட்வொர்க் ஆள்தான். எங்கட இடத்திலையும் இதைப் படிக்கச் சொல்லுறாங்கள். எங்கையிருந்து தொடங்கிறது எண்டு தெரியேல்லை." பிறகு இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு 44 வயது. 19 வருஷமாக நெட்வொர்க் இன்ஜினியர். அவருடைய நிறுவனத்துக்கு முப்பது சொச்சம் கட்டடங்கள், அவற்றில் 140 ஸ்விட்ச்கள். எது எந்த மாடியில் இருக்கிறது, எது துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறைக்குள் வாளிக்கும் தும்புத்தடிக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். போன வருஷத் தொடக்கத்தில் அவருடைய குழுவில் 7 பேர் 4 பேரானார்கள். அடுத்த மாதமே உள்ளுக்குள் ஒரு மேல்நிலை வேலை வந்தது. அக்கா செய்துகொண்டிருக்கும் அதே வேலைதான், ஆனால் தகுதிப் பட்டியலில் புதிதாக மூன்று சொல்: லினக்ஸ், கிட், பைதான். விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. மூன்று வருஷ அனுபவமுள்ள ஒரு பொடியனுக்குப் போனது. அக்கா அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் போன் எடுத்தார்.

"தம்பி, எனக்கு இதைச் சொல்லித் தா. ஆனா உன்ர ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி வேண்டாம்."

நான் மென்பொருள் எழுதுகிறவன். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், எனக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தந்த வரிசையிலேயே தொடங்கினேன். மாறிகள், தரவு வகைகள், கிளாஸ், ஆப்ஜெக்ட். மிருகம் என்றொரு கிளாஸ், அதிலிருந்து நாய், நாய் குரைக்கும். இரண்டு வாரம் போனது. மூன்றாவது சனிக்கிழமை அக்கா மடிக்கணினியை மூடிவிட்டுக் கேட்டார்: "இந்த நாயை வைச்சு நான் எந்த ஸ்விட்சை மாத்திறது?"

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவருடைய வேலையிலிருந்து தொடங்கினோம்.

அவருக்குக் காத்திருந்த வேலை இது. நேரத்தைச் சரிபார்க்கும் பழைய என்டிபி சேர்வரை எடுத்துவிட்டுப் புதியதொன்றை வைக்கப் போகிறார்கள். 140 ஸ்விட்ச்களிலும் இரண்டு வரி மாற வேண்டும். கையால் என்றால் ஒவ்வொன்றிலும் லாக்இன் செய்து, வரியை ஒட்டி, சரிபார்த்து, சேமித்து வெளியே வர நான்கு நிமிடமாவது ஆகும். 140 தரம் நான்கு 560 நிமிடம், அதாவது 9 மணி 20 நிமிடம். அதுவும் எங்கும் கை தவறாமல் இருந்தால். ஸ்கிரிப்ட் ஒன்று ஸ்விட்சுக்குப் பத்து விநாடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போனாலும் 24 நிமிடத்துக்குள் முடித்துவிடும். இதைச் செய்யும் அளவுக்குப் படித்தால் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டோம். நெட்வொர்க் ஆட்கள் படிக்க வேண்டியது புரோகிராமர் ஆவதற்கு அல்ல. அந்த எல்லை இல்லாவிட்டால் இணையத்தில் கிடக்கும் பாடங்களுக்குள் போய்த் தொலைந்துவிடுவீர்கள்.

லினக்ஸுக்குப் புதுக் கணினி வாங்க வேண்டாம். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலும் 11இலும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. ஒரே ஒரு கட்டளையில் உபுண்டு உள்ளே வந்துவிடும். சொந்தக் கணினியில் செய்யுங்கள். அலுவலகக் கணினி என்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

நெட்வொர்க் ஆட்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு, அது அவர்களுக்கே தெரிவதில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. சிஸ்கோவில் 'ஷோ ரன்' அடித்து, ஒரு நேர்கோடு போட்டு, 'இன்க்ளூட்' என்று எழுதித் தேவையான வரிகளை மட்டும் எடுப்பதை அக்கா இருபது வருஷமாகச் செய்கிறார். லினக்ஸிலும் அதே நேர்கோடுதான், 'இன்க்ளூட்'டுக்குப் பதில் 'கிரெப்'. 'எனேபிள்' அடித்து மேல்நிலைக்குப் போவதற்குப் பதில் 'சூடோ'. அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உதுதானா?" என்றார். ஃபோல்டருக்குள் போவது, பட்டியல் பார்ப்பது, நகலெடுப்பது, ஃபைலைத் திறந்து வாசிப்பது, எஸ்எஸ்எச் சாவி உண்டாக்குவது, யாருக்கு எந்த ஃபைலைத் தொட அனுமதி என்று வைப்பது. இவ்வளவும் நான்கு சனிக்கிழமையில் முடிந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். லினக்ஸ் கட்டளை வரியில் அழித்தால் அழித்ததுதான், குப்பைத் தொட்டிக்குள் தேடி எடுக்க முடியாது.

அடுத்தது பைதான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் கிட்டை முதலில் எடுத்தோம். இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்.

கிட் 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் அதையும் எழுதினார். உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே மூல நிரலில் கை வைக்கும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று தெரிய வேண்டும், வேண்டாத மாற்றத்தைத் திருப்பி எடுக்கவும் முடிய வேண்டும். அதற்கான கருவி அது. நெட்வொர்க் ஆட்களுக்கு இதே தேவை எப்போதும் இருந்தது. அக்காவின் அலுவலகப் பொது ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஸ்விட்சின் அமைப்பு 'கடைசி', 'கடைசி 2', 'கடைசி புதிது', 'இதைத் தொடாதே' என்று நான்கு பெயரில் கிடக்கும். எது உண்மையில் கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது.

கிட்டில் அவர் முதலில் படித்தது ஐந்தே கட்டளை. ஒரு ஃபோல்டரை கிட்டின் கண்காணிப்பில் வைப்பது, மாறியதைச் சேர்ப்பது, குறிப்போடு பதிவு செய்வது, பழைய பதிவுகளைப் பார்ப்பது, இரண்டு பதிவுகளுக்கு நடுவில் என்ன மாறியது என்று பார்ப்பது. கிளைகள், இணைப்பு மோதல்கள் எல்லாம் பிறகு பார்க்கலாம். தனியாகப் படிக்கிற ஆளுக்கு முதல் இரண்டு மாதம் அது தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்விட்ச் அமைப்புகளுக்குள் கடவுச்சொற்கள் இருக்கும். சிஸ்கோவில் 'டைப் 7' என்று சொல்லும் வகை, பார்வைக்கு மறைத்த மாதிரி இருந்தாலும் யாரும் நொடியில் திருப்பி வாசிக்கலாம். கிட்டில் ஒரு தரம் பதிவானதை அடுத்த நாள் அழித்தாலும் பழைய பதிவில் அது அப்படியே கிடக்கும். ஆகவே அலுவலக அமைப்புகளை உங்கள் சொந்த கிட்ஹப் கணக்கில் ஏற்றவே கூடாது. வேலை போகும் அளவுக்குப் பெரிய தவறு அது. அக்கா தன் மேலாளரிடம் அனுமதி கேட்டு, அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சின்ன லினக்ஸ் சேர்வர் வாங்கிக்கொண்டார். கேட்டவுடன் கொடுத்தார்கள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பைதானுக்கு வந்தோம். ஒரு பெயருக்குள் மதிப்பை வைப்பது, பட்டியல், அகராதி, 'ஃபோர்' சுழற்சி, 'இஃப்', ஃபைலை வாசித்து எழுதுவது, சின்னச் சின்ன ஃபங்ஷன், பிழை வந்தால் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்விட்சுக்குப் போவது. இவ்வளவுதான் எங்கள் பாடத்திட்டம். அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைதான்' புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். அதன் முதல் பாதி இதற்குத் தாராளம். ஸ்விட்சோடு பேசுவதற்கு கிர்க் பையர்ஸ் எழுதிய நெட்மிகோ என்ற நூலகம் இருக்கிறது. லாக்இன் செய்வது, பக்கம் பக்கமாக நின்று 'மோர்' என்று கேட்கும் தொல்லையை நிறுத்துவது, பதில் முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள், ஓடும்போது கேட்டு வாங்கும்படி செய்யுங்கள். வீட்டில் பழக, கன்டெய்னர்லாப் என்ற இலவசக் கருவியில் நோக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸை ஓட்டலாம், அதற்கும் காசு இல்லை. சிஸ்கோதான் வேண்டுமென்றால் டெவ்நெட் தளத்தில் பயிற்சிச் சாதனங்கள் இருக்கின்றன.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. அக்காவின் முதல் ஸ்கிரிப்ட் மூன்று இரவு ஓடவில்லை. ஸ்விட்ச் பெயர்களை ஒரு ஃபைலிலிருந்து வரிவரியாக வாசித்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பெயர் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றும் தோற்றது. பெயரோ கண்ணுக்கு முன்னால் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் படுத்த பிறகு, ஒன்பதரைக்கு மேல், குசினி மேசையில் இருந்து பத்தரை வரைக்கும் பார்ப்பார். எனக்கு மெசேஜ் போட வெட்கம். அம்மா வேறு தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம், "இந்த வயசிலை என்னத்துக்குப் பிள்ளை இந்தச் சோதினைப் படிப்பு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மூன்றாவது நாள் படுக்காமல் சுற்றிக்கொண்டிருந்த மூத்தவன், 11 வயது, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அக்கா பெயர்களைத் திரையில் அச்சடித்து வைத்திருந்தார். "அம்மா, ஏன் ஒவ்வொரு பேருக்கும் நடுவிலை ஒரு வெறும் வரி இருக்கு?"

அதுதான் பிழை. ஃபைலிலிருந்து ஒரு வரியை வாசிக்கும்போது, அந்த வரியின் முடிவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத 'அடுத்த வரி' எழுத்தும் கூடவே வரும். பெயர் சரி, ஆனால் வால் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த வாலோடு எந்த ஸ்விட்சும் உலகத்தில் இல்லை. 'ஸ்ட்ரிப்' என்று ஒரு சொல் சேர்த்தால் வால் போய்விடும். பைதான் படிக்கிற எல்லோரும் ஒரு தரம் இதில் விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன். அக்காவுக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாய் வந்தது. மகனுக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது, பல் தீட்டின பிறகு.

எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஸ்கிரிப்டுகள் 'ஷோ' கட்டளைகளை மட்டும்தான் ஓட்டும். பார்க்கலாம், தொடக் கூடாது. கையால் அடிக்கும்போது தவறு நடந்தால் ஒரு ஸ்விட்ச் போகும், ஸ்கிரிப்டில் தவறு நடந்தால் கோப்பி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் 140உம் போகும். 2022 யூலை 8ஆம் திகதி கனடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரோஜர்ஸ் வலையமைப்பின் மையத்தில் ஒரு மேம்படுத்தலின்போது வழிகளை வடிகட்டும் ஒரு அமைப்பு நீக்கப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய வழித்தகவல் பாய்ந்து மைய ரவுட்டர்கள் தாங்கவில்லை. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்களுக்குச் சேவை இல்லை, கடைகளில் இன்டராக் வேலை செய்யவில்லை, 911க்கு அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். திருத்த வேண்டிய ஊழியர்களுக்கே உள்ளே போகும் வழி அந்த வலையமைப்பில்தான் தங்கியிருந்தது.

நெட்வொர்க் ஆட்கள் மாற்றத்துக்குப் பயப்படுவதைப் பார்த்து மென்பொருள் ஆட்கள் நாங்கள் சில நேரம் சிரிப்போம். சிரிக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. தூரத்து ரவுட்டரில் கை வைக்க முன்பு அவர்கள் 'ரிலோட் இன் 10' என்று அடிப்பார்களாம். மாற்றம் பிழைத்து இணைப்பு அறுந்தால், பத்து நிமிடத்தில் அது தானாக அணைந்து பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரியென்றால் அந்த உத்தரவை ரத்துச் செய்துவிடலாம். ஜூனிபரில் இதற்கென்றே 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. கிட் வருவதற்கு முன்பே இவர்கள் திரும்பி வரும் வழியை யோசித்து வைத்திருந்தார்கள்.

ஒக்டோபரில் முதல் பலன் வந்தது. இரவு இரண்டு மணிக்கு லினக்ஸின் கிரான் ஸ்கிரிப்டை எழுப்பும். அது 140 ஸ்விட்ச்களின் அமைப்பையும் வாங்கி கிட்டில் பதிவு செய்யும். காலையில் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே பார்வையில் தெரியும். இதையே செய்யும் ஆக்ஸிடைஸ்ட் மாதிரி ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன, தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு தரம் கட்டிப் பார்ப்பதுதான் படிப்பு.

முதல் நாள் காலையிலேயே இருபது ஸ்விட்ச்கள் 'மாறியிருக்கிறது' என்றது. யாரும் எதையும் தொடவில்லை. நான் ஸ்கிரிப்டில் பிழை தேடத் தொடங்கினேன். அக்கா ஒரு வரியைப் பார்த்துவிட்டு, "அது என்டிபி கிளாக் பீரியட். பழைய சிஸ்கோக்கள் மணிக்கூட்டைத் திருத்தித் திருத்தி அந்த எண்ணைத் தாங்களே மாத்தும். விடு," என்றார். அந்த வரியை விலக்க இரண்டு வரி பைதான் எழுதினார், என்னிடம் கேட்காமல்.

"இப்ப ஏஐ எல்லாம் எழுதித் தருமே, பிறகேன் படிக்க வேணும்?" என்று நடைபாதையில் கேட்டார்கள். எழுதித் தரும்தான். நவம்பரில் நாங்களும் கேட்டோம். 12 ஸ்விட்ச்களில், கட்டடங்களை இணைக்கும் ட்ரங்க் போர்ட்டுகளில் வீலான் 30ஐப் புதிதாக அனுமதிக்க ஒரு ஸ்கிரிப்ட். அழகாக வந்தது. பிழைகளைப் பிடித்தது, பதிவேடு எழுதியது, ஃபங்ஷன்கள் சுத்தம். நான் வரிவரியாக வாசித்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றேன். அலுவலகத்தில் யாராவது இதை மதிப்பாய்வுக்கு அனுப்பியிருந்தால் சம்மதம் கொடுத்திருப்பேன்.

அக்கா வாசித்தார். "டேய், 'ஆட்' எங்கை?"

சிஸ்கோவில் 'அனுமதிக்கப்பட்ட வீலான் 30' என்று மட்டும் அடித்தால், ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு 30ஐச் சேர்க்காது. பட்டியலை அழித்துவிட்டு 30ஐ மட்டும் வைக்கும். சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் 'ஆட்' என்ற சொல் வர வேண்டும். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்த 12 இணைப்புகளிலும் மற்ற வீலான் எல்லாம் அறுந்திருக்கும். ஸ்விட்சுக்குள் போய்த் திருத்தப் பயன்படும் வீலானும் அதில் ஒன்று. அக்காவுக்கு 2011இல் இது நடந்திருக்கிறது. நடு இரவில் கன்சோல் கேபிளோடு நாற்பது நிமிடம் கார் ஓட்டிப்போய்த் திருத்தினார். பைதானாகப் பார்த்தால் அந்த ஸ்கிரிப்டில் ஒரு பிழையும் இல்லை. நான் பைதானாகத்தான் பார்த்தேன்.

அந்தப் பொடியனுக்கு வேலை கொடுத்ததில் அக்காவுக்கு இருந்த மனக்கசப்பு அன்றோடு கொஞ்சம் இறங்கியது என்று நினைக்கிறேன். இப்போது இரண்டு பேரும் ஒருவர் ஸ்கிரிப்டை மற்றவர் பார்த்த பிறகுதான் ஓட்டுகிறார்கள். பெப்ரவரியில் இன்னொரு மேல்நிலை வேலை வந்தது. அக்கா நேர்முகத்துக்குப் போய் வந்தார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

நடைபாதைக்காரர் கேட்ட மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வேண்டுமா என்றால், சிஸ்கோ 2020 பெப்ரவரியில் தேர்வுகளை மாற்றியபோது சிசிஎன்ஏவிலேயே ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம் ஒதுக்கியது. தேர்வு எழுதுகிறவர்கள் எப்படியும் படிக்க வேண்டும். ஆனால் நேர்முகத்தில் அக்காவிடம் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லையாம். கிட்டில் இருந்த பதிவுகளைக் காட்டச் சொன்னார்கள். அன்சிபிள் படிக்கலாமா என்றால், படியுங்கள், பைதானுக்குப் பிறகு.

என்டிபி மாற்றம் ஜனவரியில் ஒரு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு. வெளியே மைனஸ் 18. நானும் குசினி மேசைக்கு எதிரே ஒரு கதிரையில், தேத்தண்ணியோடு. அக்கா முதலில் ஒரே ஒரு ஸ்விட்சில் ஓட்டினார். புதிய சேர்வரைச் சேர்த்து, நேரம் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகுதான் பழையதை நீக்கும்படி எழுதியிருந்தார். சரியாக வந்தது. பிறகு ஐந்து. ஐந்திலும் தானே உள்ளே போய்க் கண்ணால் பார்த்தார். மிச்சம் 134க்கும் என்டர் தட்ட முன்பு மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. அம்மா தண்ணீர் குடிக்க வந்து, "இன்னும் முடியேல்லையே?" என்றார். "முடியுது அம்மா."

முடிவில் 137 சரி, 3 தவறு. இரண்டில் கடவுச்சொல் பழையது, யாரோ மாற்ற மறந்திருக்கிறார்கள். அவற்றை அக்கா அப்போதே கையால் முடித்தார். மூன்றாவது இணைப்பே கிடைக்கவில்லை. பெயரைப் பார்த்தவுடனே எது என்று அவருக்குத் தெரிந்தது, வாளி வைக்கும் அறைக்குள் இருக்கிற ஸ்விட்ச். காலையில் காவலாளியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு யாரோ தரை துடைக்கும் மெஷினைக் கொழுவியிருந்தார்கள்.